வில்வண்டி முதல் விளையாட்டுக் கார் வரை

வண்டிகளின் வரலாற்றைப் பேசும்போது நாம் பெரும்பாலும் வண்டியை இழுப்பது எது என்பதையே பேசுகிறோம். மாடு, குதிரை, நீராவி, பெட்ரோல், மின்சாரம் என்று வரிசைப்படுத்துகிறோம். வண்டியில் இருப்பவரைத் தாங்குவது எது என்ற கேள்வியை அவ்வளவாகக் கேட்பதில்லை. அதற்கான விடை, சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே, சேறும் துருவும் படிந்து, கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது. அதுதான் வில். பட்டறைகளில் அதை ஸ்பிரிங் என்பார்கள்.

இந்த வில்லின் வரலாற்றை நாம் இன்று பகாங் மாநிலத்துக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை நடுவில் வைத்துப் பார்க்கப் போகிறோம். அங்கிருந்து, மாணவர்கள் கையில் கட்டுப்பாட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டு ஓட்டுகிற சிறிய கார் வரை வருவோம். அந்தச் சிறு காருக்கு வில் பொருத்துவது எப்படி என்பதையும் காண்போம். மலைச் சாலையில் ஏறிய பெரிய வண்டிக்கும் மேசை மேல் நிற்கும் சிறிய வண்டிக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு. இந்த வில் யாருடைய எடைக்காக அமைக்கப்பட்டது? இன்றைய பேச்சு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே அமையும்.

நம் முன்னோர் இக்கேள்விக்கு வண்டிகளின் பெயரிலேயே விடை வைத்திருந்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இரண்டு வகை மாட்டு வண்டிகள் இருந்தன. ஒன்று கட்டை வண்டி. நெல் மூட்டை, எரு, செங்கல், வைக்கோல் ஆகியவற்றை ஏற்றுவது. அதன் அச்சின் மேல் வண்டியின் உடல் நேராக உட்கார்ந்திருக்கும். சக்கரம் கல்லில் ஏறினால் மூட்டையும் ஏறும். சக்கரம் குழியில் விழுந்தால் மூட்டையும் விழும். மற்றொன்று வில்வண்டி. அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டியிருப்பார்கள். உள்ளே வைக்கோல் பரப்பி, அதன்மேல் சமுக்காளம் விரித்து, மனிதர் ஏறிப் போவதற்கான வண்டி அது. திருமணத்துக்குப் போகிறவர்களும், பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் பெண்களும், வசதி படைத்த நிலக்காரர்களும் அதில் சென்றார்கள். மூட்டைக்கு வில் வேண்டாம், மனிதருக்கு வில் வேண்டும் என்பதே அந்தப் பாகுபாடு. வசதியில்லாதவர் கட்டை வண்டியில்தான் போனார் என்பதையும் சேர்த்தே நாம் நினைவில் கொள்ளவேண்டும்.

அந்த வளைந்த பட்டைகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்து அறிவியலறிஞர் இராபர்ட் ஹூக், 1676-ஆம் ஆண்டில் தம் கண்டுபிடிப்பு ஒன்றை எழுத்துகளைக் கலைத்துப் போட்டு விடுகதையாக வெளியிட்டார். 1678-இல் அதன் விடையையும் வெளியிட்டார். ஒரு வில்லை எவ்வளவு விசையோடு இழுக்கிறோமோ அவ்வளவுக்கு அது நீளும் என்பதே அந்த விடை. ஒரு கிலோ எடைக்கு ஒரு சென்டிமீட்டர் நீண்டால், இரண்டு கிலோவுக்கு இரண்டு சென்டிமீட்டர் நீளும். மிக எளிய விதிதான். ஆனால் வண்டி வில்லைப் பற்றி நாம் இன்று பேசப்போகும் கணக்குகள் எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

1804-05-ஆம் ஆண்டுகளில் இலண்டனைச் சேர்ந்த வண்டி கட்டுநர் ஒபதையா எலியட், இரண்டு பட்டை வில்களை எதிரெதிராகக் கவிழ்த்து நீள்வட்டமாகப் பூட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை குதிரை வண்டிகளின் அடியில் ஓடிய கனமான நடுமரம் தேவையில்லாமல் போயிற்று. வண்டி இலேசாயிற்று. மோட்டார் கார் பிறந்தபோது இந்தப் பட்டை வில்லையே அதுவும் ஏற்றுக்கொண்டது.

இப்போது மலைக்கு வருவோம். வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885-ஆம் ஆண்டில் அந்த மலைப்பகுதியை ஆய்ந்ததால் அது அவர் பெயரைப் பெற்றது. ஆனால் அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் வரை அங்கே பெரிதாக எதுவும் நடக்கவில்லை. காரணம், மேலே போகச் சாலையில்லை. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்கு சென்று பார்த்து, மலைவாசத்தலமாக அமைக்கத் தக்க இடம் என்று கருதிய பின்னரே பணிகள் சூடுபிடித்தன. பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுள்ள சாலை மலையைக் குடைந்து அமைக்கப்பட்டது. 1930-களின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் மேலே ஏறின. தாழ்நிலத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரம் வரை, வளைவுக்கு மேல் வளைவாக ஏறும் சாலை அது.

தேயிலை அதற்கு முன்பே முளைவிட்டிருந்தது. 1929-ஆம் ஆண்டில் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸல் என்பவர், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற மில்ன் என்பவரோடு சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் வட இந்தியாவிலிருந்து வந்த அகர்வால் குடும்பத்தினர் பாரத் தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார்கள். காட்டை வெட்டியதிலும், சரிவைச் செதுக்கியதிலும், கன்று நட்டதிலும், கொழுந்து கிள்ளியதிலும் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு நிறைந்திருந்தது. 1938-இல் இந்திய அரசாங்கம் உதவி பெற்று மலாயாவுக்கு வரும் தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது. அதற்குப் பின் தோட்டங்களில் ஏற்கெனவே குடியேறியிருந்த குடும்பங்களே லயங்களில் வேரூன்றி அடுத்தடுத்த தலைமுறைகளைக் கண்டன.

தேயிலைத் தோட்டத்தில் போக்குவரத்து ஏன் அவ்வளவு முக்கியம்? கிள்ளிய கொழுந்து உயிருள்ள பொருள். செடியிலிருந்து பிரிந்த பிறகும் அது மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும், வெப்பத்தை வெளியிடும். சாக்கில் அடைத்து அமுக்கி வைத்தால் உள்ளே சூடேறும். நசுங்கினால் இலையின் சாறு காற்றோடு கலந்து சிவக்கத் தொடங்கிவிடும். அந்தச் சிவத்தல் தொழிற்சாலையில், வாட்டி உருட்டிய பிறகு, கணக்கான நேரத்தில் நடக்கவேண்டியது. வழியிலேயே நடந்துவிட்டால் தேநீரின் நிறமும் மணமும் கெடும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கரை முதல் ஐந்து கிலோ வரை பச்சைக் கொழுந்து வேண்டும். அவ்வளவு கொழுந்தும் அன்றைக்கே, நசுங்காமல், சூடேறாமல் தொழிற்சாலைக்கு வந்து சேரவேண்டும்.

அதன் முதல் பயணம் மனிதர் முதுகில்தான். கூடையைச் சுமந்துகொண்டு செங்குத்தான நிரையில் இறங்கும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு அடியிலும் அவர் முழங்கால் சற்றே மடங்கி நிமிர்கிறது; கணுக்கால் வளைந்து கொடுக்கிறது; முதுகெலும்பின் வட்டுகள் அமுங்கி மீள்கின்றன. கூடையிலுள்ள கொழுந்து குலுங்காமல் வருகிறது. அப்படியானால் தோட்டத்தின் முதல் வில் மனித உடலே எனலாம். எடை போடும் இடத்தில் கூடையை இறக்கிய பிறகுதான் கொழுந்துச் சாக்குகள் வண்டியில் ஏறும்.

அந்த மலைக்கென்றே பிறந்ததுபோல் ஒரு வண்டி இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது. இங்கிலாந்தின் ரோவர் மோட்டார் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், தம் ஆங்கிள்சி தீவுப் பண்ணையில் போரில் பயன்பட்ட பழைய அமெரிக்க ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அதுபோல் ஒரு பண்ணை வண்டியை நாமே செய்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு 1947-இல் எழுந்தது. 1948 ஏப்ரல் 30-இல் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லேண்ட்ரோவர் அறிமுகமாயிற்று. அப்போது எஃகுக்குத் தட்டுப்பாடு. எனவே உடலை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார்கள். அடிச்சட்டமும் வில்களும் எஃகால் ஆனவை.

அதே 1948-இல் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை நீடித்த அக்காலத்தில் படையினரும் காவல்துறையினரும் காட்டோரச் சாலைகளில் லேண்ட்ரோவர்களைப் பெரிதும் பயன்படுத்தினார்கள். அவர்கள் பயன்படுத்திக் கழித்த வண்டிகள் பல பின்னர் விவசாயிகள் கைக்கு வந்தன. கேமரன் மலையின் காய்கறித் தோட்டக்காரர்கள் அவற்றை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிய பழைய லேண்ட்ரோவர்கள் அந்த மலையின் அடையாளமாகவே ஆகிவிட்டன. மழையில் அலுமினிய உடல் துருப்பிடிப்பதில்லை. மண்சரிவு விழுந்த பாதையிலும் நான்கு சக்கரங்களும் சேர்ந்து தள்ளும். கெட்டுப்போனால் சாதாரணப் பட்டறையிலேயே பிரித்துச் சீர்செய்யலாம். வேறென்ன வேண்டும்?

வேண்டியது ஒன்று இருந்தது. அதைப் புரிந்துகொள்ள அந்த வண்டியின் அடியில் குனிந்து பார்க்கவேண்டும்.

பழைய லேண்ட்ரோவரின் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஒரு பட்டை வில் இருக்கும். நீளமான தாய்ப்பட்டை மேலே. அதன் இரு முனைகளும் சுருட்டப்பட்டுக் கண்களாக அமைந்திருக்கும். அதற்குக் கீழே ஒன்றைவிட ஒன்று குட்டையான பட்டைகள், ஒன்பது, பத்து, பதினொன்று என்று அடுக்கப்பட்டிருக்கும். நடுவில் ஒரு போல்ட் எல்லாவற்றையும் கோத்துப் பிடிக்கும். வளைந்த இரும்புக் கம்பிகள் அடுக்கை அச்சோடு இறுக்கிக் கட்டும். ஒரு கண் சட்டத்தில் நிலையாகப் பூட்டப்பட்டிருக்கும்; மற்றொரு கண் ஆடும் இணைப்பில் தொங்கும். பாரம் ஏறி வில் தட்டையாகும்போது அதன் நீளம் கூடுமல்லவா? அதற்கு இடம் கொடுக்கவே அந்த ஆடும் இணைப்பு.

இந்த அடுக்கு ஒரே நேரத்தில் மூன்று வேலைகளைச் செய்கிறது. பாரத்தைத் தாங்குகிறது. அச்சை முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்கிறது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் துள்ளலையும் ஓரளவு தணிக்கிறது. அந்த உரசல் நன்மையும் தீமையும் உடையது. ஆண்டில் 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் மலையில் பட்டைகளுக்கிடையே சேறு புகும், துரு ஏறும். துருவேறிய பட்டைகள் வழுக்க மறுக்கும். பிறகு வில் வில்லாக இராது. ஒரே கனத்த இரும்புக் கட்டையாகிவிடும். பட்டறையில் அனுபவமுள்ளவர்கள் அடுக்கைப் பிரித்து, துருவைச் சுரண்டி, இடையே கிரீஸ் தடவி மீண்டும் கோப்பது இதனால்தான். பட்டை உடைவது பெரும்பாலும் நடு போல்ட்டின் துளையருகிலோ தாய்ப்பட்டையின் கண்ணருகிலோதான் என்பதும் அவர்கள் அறிந்ததே. பாரம் அதிகமானால் ஒரு பட்டையைக் கூட்டுவார்கள், குறைந்தால் கழற்றுவார்கள். ஹூக்கின் விதியைப் படித்திராமலே, அதைக் கையால் அறிந்தவர்கள் அவர்கள். வரலாற்று நூல்களில் அவர்கள் பெயர்கள் இடம்பெறவில்லை.

இப்போது நம் கேள்விக்குத் திரும்புவோம். முழுப் பாரத்தையும் தாங்கும்படி வில்லைக் கடினமாக அமைத்தால் என்ன ஆகும்? ஒரு சிறு கணக்குப் போடலாம். வண்டி தன் எடையால் வில்லை எத்தனை சென்டிமீட்டர் அமுக்கி நிற்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால், வண்டி நொடிக்கு எத்தனை தடவை துள்ளும் என்பது ஏறத்தாழக் கிடைக்கும். பாரம் ஏற்றிய வண்டி வில்லை 16 சென்டிமீட்டர் அமுக்கினால், நொடிக்கு ஒன்றேகால் தடவை துள்ளும். அது தொட்டிலாட்டம் போன்றது. பாரத்தை இறக்கிய பின் அதே வில் 2 சென்டிமீட்டர் மட்டுமே அமுங்கினால், நொடிக்கு மூன்றரைத் தடவை துள்ளும். அது உதறல். மனித உடல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது, நொடிக்கு நான்கு முதல் எட்டுத் தடவை வரையிலான மேல்-கீழ் அதிர்வே அதற்கு மிகவும் ஒவ்வாதது. உடல் முழுவதும் தாக்கும் அதிர்வை அளப்பதற்கான பன்னாட்டுத் தரநிலை முதன்முதலாக 1974-இல் வெளியிடப்பட்டபோது, இந்த எல்லையைத் தெளிவாகக் குறித்தது. நெடுங்காலம் இத்தகைய அதிர்வில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இடுப்புவலியும் முதுகுவலியும் மிகுதியாக வருகின்றன என்பதை மருத்துவ ஆய்வுகள் பிற்காலத்தில் உறுதி செய்தன.

ஆகவே பாரத்துக்கென்று கட்டிய வண்டி, பாரத்தோடு போகும்போது மென்மையாகப் போகும். காலியாகத் திரும்பும்போது எலும்பைக் குலுக்கும். காலியாகத் திரும்பும் வண்டியில் யார் ஏறினார்கள்? லோரியின் பின்தட்டிலும், பாரவண்டியின் விளிம்பிலும் உட்கார்ந்து, வேலைக்காட்டுக்கும் கடைத்தெருவுக்கும் போன தொழிலாளர்களும் அவர்கள் பிள்ளைகளுமே. மலேசியத் தோட்டங்கள் பலவற்றிலும் நெடுங்காலம் இதுவே வழக்கம். கொழுந்தின் பயணம் கணக்கிடப்பட்டது. கொழுந்தைக் கிள்ளியவரின் பயணம் கணக்கில் வரவில்லை.

கணக்கிட முடியாததால் அல்ல. லேண்ட்ரோவரையே எடுத்துக்கொள்வோம். அதன் பட்டை வில்களில் ஓட்டுநர் பக்கத்து வில்லைச் சற்றே அதிக வளைவோடு செய்தார்கள். ஓட்டுநர் எப்போதும் ஒரே பக்கத்தில் உட்காருவதால் வண்டி அந்தப் பக்கம் சாயாமல் இருக்கவேண்டுமே! ஒரு மனிதரின் எடையைக்கூட வில்லின் வளைவில் சேர்த்துக் கணக்கிடும் அளவுக்குத் தொழில் நுணுக்கம் வளர்ந்திருந்தது. யாரைக் கணக்கில் எடுப்பது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குத் தொழில்நுட்பம் தானாக விடை சொல்லாது.

பாரத்தையும் மனிதரையும் ஒருசேரத் தாங்கும் முயற்சி அடுத்த கட்டம். 1970-இல் வெளிவந்த ரேஞ்ச்ரோவரில் பட்டைக்குப் பதில் நீளமான, மென்மையான சுருள்வில்கள் இடம்பெற்றன. கம்பியைத் திருகிச் சுருளாக்கியதே சுருள்வில். அதில் பட்டைகளின் உரசல் இல்லை. சிறு கல்லுக்கும் அது அசைந்து கொடுக்கும். ஆனால் சுருள்வில்லால் அச்சைப் பிடித்து வைக்க முடியாது. அதற்குத் தனித் தண்டுகள் வேண்டும். துள்ளலையும் அது தானாக நிறுத்தாது. எண்ணெய் நிரம்பிய குழாய்க்குள் துளையிட்ட தட்டு ஒன்று ஏறி இறங்கி, துள்ளலின் ஆற்றலைச் சூடாக மாற்றவேண்டும். பட்டறையில் அப்சார்பர் என்று சொல்லப்படும் உறுப்பு இதுதான். மென்மையான வில்லின் மேல் பாரம் ஏற்றினால் பின்பக்கம் தாழ்ந்துவிடுமே என்பதற்காக, தாழ்ந்த உயரத்தைத் தானே மீட்டுக்கொள்ளும் கருவியையும் பின்னச்சில் வைத்தார்கள். 1983-இல் லேண்ட்ரோவரின் நீண்ட வண்டியும், 1984-இல் குட்டை வண்டியும் சுருள்வில்லுக்கு மாறின. 2016 ஜனவரியில் இங்கிலாந்தின் சோலிஹல் தொழிற்சாலையில் அந்தப் பழைய வடிவத்தின் கடைசி வண்டி வெளிவந்தது. கேமரன் மலையில் பட்டை வில் வண்டிகள் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

இனி, சிறிய கார்களைப் பார்ப்போம். அவற்றின் கதை நம் வானொலியோடு உறவுடையது. ஒலியை நம் வீட்டுக்குக் கொண்டுவரும் அதே வகை அலைதான், கட்டளையைச் சிறு காருக்கும் கொண்டுசெல்கிறது. 1898-இல் நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் வானொலி அலையால் இயங்கும் சிறு படகு ஒன்றை நீர்த்தொட்டியில் ஓட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் அதை நம்ப மறுத்தார்கள். டிரான்சிஸ்டர் வந்து கருவிகள் சிறுத்த பிறகே அந்த வித்தை விளையாட்டுப் பொருளாயிற்று. 1966-இல் இத்தாலியில் உண்மைக் காரின் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுள்ள மின்சாரக் கார் விற்பனைக்கு வந்தது. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துத் தாமியா நிறுவனம் 1976-இல் இத்துறையில் இறங்கியது. முதலில் வந்தவை சமதளத்தில் ஓடும் பந்தயக் கார்கள். 1979-இல் மணலிலும் மேட்டிலும் ஓடும் கார்களை அந்நிறுவனம் வெளியிட்டபோதுதான், சிறு காருக்கும் மெய்யான வில்லும் அப்சார்பரும் தேவைப்பட்டன. 1981-இல் அதே நிறுவனம் ஒரு டொயோட்டா பாரவண்டியைச் சிறிதாக்கியது. ஏணிச் சட்டம், மூன்று வேகப் பற்சக்கரப் பெட்டி, இரும்புப் பட்டை வில் என எல்லாம் மூல வண்டியைப் போலவே இருந்தன. 1984-இல் அமெரிக்காவின் அசோசியேட்டட் நிறுவனம் வெளியிட்ட ஆர்சி 10 என்ற கார், எண்ணெய் நிரம்பிய அப்சார்பரைச் சுற்றிச் சுருள்வில் அமைந்த முறையைப் பந்தயக் களத்தில் நிலைநிறுத்தியது. 2017-இல் டிராக்சஸ் நிறுவனம் லேண்ட்ரோவர் உருவத்திலேயே பத்தில் ஒரு பங்குக் கார் ஒன்றைக் கொண்டுவந்தது. கேமரன் மலைச் சாலையில் நாம் கண்ட அதே வடிவம், இப்போது இரு கைகளில் தூக்கும் அளவில் கிடைக்கிறது.

அந்தச் சிறு காருக்கு எத்தகைய வில் பொருத்துவது? பெரிய வண்டியின் வில்லையே பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தில் ஒன்றாகும்போது எடை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். சுமார் 1,300 கிலோ வண்டி 1.3 கிலோவாகும். ஆனால் வில்லின் கடினம் பத்தில் ஒன்றாக மட்டுமே குறையும். ஆகவே சுருக்கிய வில், அந்த எடைக்கு நூறு மடங்கு கடினமாக இருக்கும். பட்டை வில் பூட்டிய சிறு பாரவண்டிகள் கல்லைக் கண்டால் குதித்துக் குதித்து ஓடியதும், பலர் அவற்றில் பட்டைகளைக் கழற்றிப் பார்த்ததும் இதனால்தான். காலியாகத் திரும்பிய தோட்டத்து வண்டியின் நிலைதான் அவற்றுக்கும்.

சரியான முறை, எடையிலிருந்து தொடங்குவது. முதலில் மின்கலம் உட்பட எல்லாவற்றையும் பூட்டிய காரை நிறுத்துப் பார்க்கவேண்டும். முன்சக்கரங்களின் எடையையும் பின்சக்கரங்களின் எடையையும் தனித்தனியே எடுக்கவேண்டும். உதாரணமாகக் கார் 2 கிலோ, நான்கு சக்கரங்களிலும் சமமாகப் பரவியிருக்கிறது என்று கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 500 கிராம். சக்கரம் மேலும் கீழும் மொத்தம் 30 மில்லிமீட்டர் நகருமானால், கார் தன் எடையாலேயே அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 10 மில்லிமீட்டர் தாழ்ந்து நிற்பது நல்லது. அப்போதுதான் மேட்டில் ஏறச் சக்கரத்துக்கு மேலே இடம் இருக்கும்; குழியைத் தொடக் கீழேயும் இடம் இருக்கும். 500 கிராமுக்கு 10 மில்லிமீட்டர் என்றால், ஒரு மில்லிமீட்டருக்கு 50 கிராம் கடினம் வேண்டும்.

இது சக்கரத்தில் வேண்டிய கடினம். வில் சக்கரத்துக்கு நேர் மேலே இருந்தால் இந்த எண் போதும். ஆனால் பல கார்களில் வில் கைத்தண்டின் நடுவில் பூட்டப்பட்டிருக்கும். அப்போது நெம்புகோல் விதி குறுக்கிடும். வில் பாதி தூரமே அமுங்கும். இரண்டு மடங்கு விசையைத் தாங்கும். ஆகவே அங்கே நான்கு மடங்கு கடினமான வில், அதாவது மில்லிமீட்டருக்கு 200 கிராம் வேண்டும்.

வில்லின் கடினத்தை மாற்றும்போது சில உண்மைகளை மறக்கலாகாது. கம்பியின் தடிப்பு பத்தில் ஒரு பங்கு கூடினாலே கடினம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். சுற்றுகள் கூடினால் வில் மென்மையாகும். சுருளில் இரண்டு சுற்றுகளை வெட்டிவிட்டால் கார் தாழும் என்பது உண்மை. ஆனால் மிஞ்சிய வில் முன்னைவிடக் கடினமாகிவிடும். வில்லுக்கு அடியில் வளையம் செருகினால் கார் உயரும். அதனால் வில் கடினமாவதில்லை. இடமும் வலமும் ஒரே வகை வில்லாக இருக்கவேண்டும். வில்லைத் தேர்ந்த பிறகே அப்சார்பரின் சிலிக்கான் எண்ணெயைத் தேரவேண்டும். காரை ஒரு சாண் உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள். விழுந்து, அமுங்கி, ஒரே மூச்சில் எழுந்து நின்றால் எண்ணெய் சரி. இரண்டு மூன்று தடவை துள்ளினால் எண்ணெய் மெல்லியது. எழவே தயங்கினால் தடித்தது.

இவ்வளவும் ஒரு விளையாட்டுக் காருக்குத் தேவையா என்று சிலர் எண்ணலாம். தேவை என்றே நாம் கருதுகிறோம். இந்தக் காரில் மாணவர் தாமே நிறுத்துப் பார்க்கிறார், தாமே வில்லைத் தேர்கிறார், விளைவைத் தம் கண்ணால் காண்கிறார். எடை அறியாமல் பூட்டிய வில் காரைக் குலுக்கும் என்பதை ஒருமுறை கையால் அறிந்தவர், பெரிய வண்டிகளைப் பார்க்கும்போதும் அதே கேள்வியைக் கேட்பார். இது மூட்டைக்காகக் கட்டிய வண்டியா, மனிதருக்காகக் கட்டிய வண்டியா? மூட்டைக்காகக் கட்டியதில் மனிதர் ஏன் போகிறார்?

இக்கேள்வி பழங்கதையாகிவிடவில்லை. கேமரன் மலைத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல இறங்கிப் பட்டணங்களுக்குச் சென்றுவிட்டன. இன்று அச்சரிவுகளில் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள் பலர் வேலை செய்கிறார்கள். கத்தரிக்கோலும் இயந்திரமும் கொழுந்து வெட்டுகின்றன. கொழுந்து ஏற்றும் வண்டிகளும் மாறியிருக்கின்றன. ஆனால் வேலைக்காட்டுக்குப் போகும் மனிதரின் முதுகெலும்பு மாறவில்லை. அதன் வட்டுகள் அமுங்கி மீளும் அளவும் மாறவில்லை.

வில்வண்டி கட்டிய தச்சரும் கொல்லரும் மனிதருக்கு ஒரு வண்டி, மூட்டைக்கு ஒரு வண்டி என்று பிரித்தார்கள். பணம் உள்ளவர் மட்டுமே மனிதராக எண்ணப்பட்டார் என்பது அக்காலத்துக் குறை. அவர்களிடம் இல்லாத அளவுகோல்களும் கணக்குகளும் இன்று பள்ளி மாணவர் கையிலும் இருக்கின்றன. ஆகவே வில் பொருத்துவதற்கு முன் நிறுத்துப் பார்ப்போம். நிறுக்கும்போது பின்தட்டில் இருப்பவரையும் சேர்த்து நிறுப்போம்.